கலங்கி வந்த தண்ணீர்

1. முதல் பாட்டில்

வயிற்றில் போட்ட குழாய் வழியாகத் திரும்பி வரும் தண்ணீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். முதல் பாட்டில் கொஞ்சம் ரோஸாக வந்தால் பரவாயில்லை, குழாய் போடும்போது பட்ட காயம் அது. பேச்சியம்மாளின் முதல் பாட்டில் அப்படி வரவில்லை. களிமண்ணைக் கரைத்ததுபோல் கலங்கலாக வந்தது. பாட்டிலைக் கழற்றும்போதே வாடை மூக்கில் ஏறியது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. முதலில் இரக்கம் வர வேண்டும் என்று நர்ஸிங் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு எப்போதும் கோபம்தான் முந்திக்கொண்டு வரும். ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஊழியர்களை எங்கள் ஆஸ்பத்திரியில் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அந்த மாமாக்கள் என் தலை தெரிந்தாலே பீடியை மறைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நழுவுவார்கள். நழுவட்டும். டயாலிசிஸ் வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். சாந்தமாக எழுதுங்கள் என்றும் சொன்னார்கள். அது நம்மால் ஆகாது.

எண்பதுகளின் நடுவில், பம்பாயில் ஒரு பெரிய பொது ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் யூனிட்டில் நான் ஸ்டாஃப் நர்ஸ். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். குடியிருந்தது செம்பூரில். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம் என்பதால் தாராவியிலிருந்து யார் வந்தாலும் டாக்டர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாட்டுங்காவிலிருந்து வரும் தமிழர்கள் டாக்டரிடம் இங்கிலீஷிலேயே பேசிக்கொள்வார்கள். இந்தி சரியாக வராத தாராவிப் பெண்களுக்கு நான்தான் வாய்.

இன்றைக்கு உங்களுக்கு ஐ.சி.யு.வில் நோயாளியின் தலைமாட்டிலேயே மெஷின் வந்து நிற்கிறது. நாள் முழுக்க மெதுவாக ஓடி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. அன்றைக்கு எங்களிடம் இருந்தவை இரண்டு மெஷின்கள், பெரிய தொட்டி வைத்த பழைய ரகம். அதில் ஒன்று எப்போதும் ரிப்பேர். கிட்னி மாற்று ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களுக்கே அது பற்றாது. உடம்பில் எங்கோ சீழ் வைத்து, கிருமி ரத்தத்தில் ஏறி, அதனால் கிட்னி நின்றுபோய் வருகிறவர்களை செப்டிக் கேஸ் என்போம். அவர்களுக்கு மெஷின் கொடுப்பதில்லை. மெஷினில் போட்டதும் பி.பி. சரிந்துவிடும், அப்படியே போய்விடுவார்கள் என்று பயம். அவர்களுக்கு பி.டி.தான். வயிற்றில் ஒரு குழாய் போட்டு, மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, கொஞ்ச நேரம் வைத்திருந்து, திரும்ப இறக்குவதற்கு பி.டி. என்று பெயர். வயிற்றின் உள்சவ்வுதான் வடிகட்டி. ரத்தத்தில் தேங்கிய கழிவு அந்தத் தண்ணீரோடு இறங்கி வெளியே வரும். பாட்டில்களை வெந்நீர் வாளியில் போட்டு இளஞ்சூடாக்கி ஏற்றுவது எங்கள் வேலை.

வயிற்றுக்குள் சீழ் இருந்தால் இந்த வேலை நடக்காது, இருக்கிற சீழைத்தான் வயிறு முழுக்கப் பரப்பிவிடும். அதனால் குழாய் போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் கேட்டுவிடுவோம். பேச்சியம்மாளிடமும் கேட்டோம். கேட்டவள் நான்தான். கிடைத்தது பொய்.

2. ஆடி மாதத்துக் காய்ச்சல்

அது ஆடி மாதம், மழைக்காலம். பம்பாயில் மழை வந்தால் சாக்கடையும் தெருவும் ஒன்றாகிவிடும். அந்தத் தண்ணீரில் நடந்தவர்கள் காய்ச்சல், மஞ்சள்காமாலை, கிட்னி வேலைநிறுத்தம் என்று வரிசையாக வருவார்கள். தேவ்நார், விக்ரோலி, தாராவி என்று அந்த வாரம் வார்டு நிறைய இதே கேஸ்கள்தான். அந்தக் கும்பலில் இவளும் ஒருத்தியாக வந்தாள். அதே காய்ச்சல், அதே மஞ்சள் கண். ஒண்ணுக்குப் போவது நின்றிருந்தது. பேச்சு குழறியது.

முப்பது வயதுகூட இருக்காது. தாராவியில் ஒரு கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவள். நாலு பிள்ளைகள், கடைசிப் பிள்ளை இன்னும் பால் மறக்கவில்லை. கூட வந்தது அவளுடைய அக்கா தங்கம்.

"மாசாமாசம் ஒழுங்கா வீட்டுக்குத் தூரமாவுதாளா?" என்று தங்கத்திடம் கேட்டேன். இந்தக் கேள்வியை எந்தப் பெண் வந்தாலும் கேட்போம்.

"ஆவுதா சிஸ்டரு. இப்பக்கூட அதுதான். துணி வச்சிருக்கா."

"புள்ளத்தாச்சியா இருக்குமோ?"

"நீங்க ஒண்ணு. புருஷன் ஊர்லல்லா கெடக்காவ."

இதைத்தான் இந்தியில் டாக்டரிடம் சொன்னேன். அவரும் எழுதிக்கொண்டார். குழாய் போட ஏற்பாடு நடந்தது.

"புருஷனுக்குத் தந்தி குடுத்தாச்சா?"

தங்கம் தரையைப் பார்த்தாள். "இல்ல. கொடை முடியட்டும்னு பாக்கோம்."

பேச்சியம்மாளின் கணவர் சுடலைமுத்து தாராவியில் ஒரு தோல் பட்டறையில் பை தைக்கிறவர். ஊரில் அவர்கள் குடும்பக் கோவிலுக்கு அவர்தான் சாமியாடி. வருஷா வருஷம் கொடைக்கு, அதாவது கோவில் திருவிழாவுக்கு, பல நாள் முன்பே ஊருக்குப் போய் விரதம் இருப்பார். கையில் மஞ்சள் கயிற்றுக் காப்புக் கட்டிவிட்டால் கொடை முடிந்து அதை அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அவர் வீட்டிலும் தீட்டு எதுவும் நடக்கக் கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியாதா?

"காப்புக் கட்டியிருக்காவ சிஸ்டரு. இப்பப் போயி தந்தி அடிச்சா சாமி குத்தமாயிரும்."

"ஏளா, உனக்கு மூளை இருக்கா? இவ ரத்தம் பூரா வெசம் ஏறிக் கெடக்கு. இவ போய்ட்டா நாலு புள்ளையையும் உங்க சாமியா வந்து தூக்கிச் சொமக்கும்?"

வார்டே திரும்பிப் பார்த்தது. நான் நிறுத்தவில்லை. ஊர் விலாசத்தை அதட்டி வாங்கினேன். ஒரு மாமாவைத் தபாலாபீசுக்கு ஓட்டி, "பேச்சி அபாயம், உடனே வா" என்று என் பெயரிலேயே தந்தி கொடுக்கச் சொன்னேன். சாமி குத்தம் வந்தால் என் தலையோடு போகட்டும்.

3. துணி அறை

இப்போது அந்தப் பாட்டிலுக்கு வருகிறேன்.

எங்கள் யூனிட் தலைவரைப் பெரிய டாக்டர் என்போம். மராட்டிக்காரர், கத்திப் பேசத் தெரியாத மனிதர். அவர் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பேச்சியம்மாளின் அடிவயிற்றில் விரல் வைத்து அழுத்தினார். மயக்கத்திலும் அவள் துள்ளினாள்.

"சிஸ்டர், யே பாரிஷ் கா புகார் நஹீ ஹை," என்றார். மழைக் காய்ச்சல் இல்லை இது என்றார். "பி.டி. பந்த், நிறுத்துங்க. இவங்க எதையோ மறைக்கிறாங்க. நீங்க கேளுங்க. ப்ராப்பரா கேளுங்க."

தங்கத்தின் கையைப் பிடித்து வார்டு ஓரத்தில் போர்வை அடுக்கும் துணி அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கதவைச் சாத்தினேன்.

"அவ வயித்துல இருந்து சீழ் வருது. காய்ச்சல்ல சீழ் வராது. யாரோ கைய வச்சிருக்காவ. யாரு?"

"சத்தியமா எனக்கு ஒண்ணும்..."

"சத்தியம் பண்ணாத. நான் போலீஸ் இல்ல. எதுன்னு தெரிஞ்சா டாக்டர் சரி பண்ணுவாரு, தெரியலன்னா அவ சாவா. எது வேணும், நீயே சொல்லு."

அவள் போர்வைக் கட்டின்மேல் சாய்ந்து அழுதாள். அழுகைக்கு இடையில் துண்டு துண்டாக வந்தது. கர்ப்பம் மூன்று மாதத்தைத் தொட்டிருந்தது. கைப்பிள்ளைக்காரிக்கு இன்னொன்று தாங்காது. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்க முடியாமல் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. சந்தில் ஒருத்தி கலைத்துவிடுவாள் என்று யாரோ சொன்னார்கள். அக்காளும் தங்கச்சியும் போனார்கள். துணி வைத்தது மாதவிலக்குக்கு இல்லை, அன்றைக்கு ஆரம்பித்த ரத்தம் நிற்கவே இல்லை.

"இத ஏன் எங்கிட்ட மொதல்லயே சொல்லல?"

"அவிய காப்புக் கட்டியிருக்கையில வீட்ல இப்படி ஒண்ணு நடந்துச்சுன்னு எப்படிச் சொல்லச் சொல்லுதிய? அவிய காதுக்குப் போச்சுன்னா இவள வச்சு வாழுவாவளா? அதான் காய்ச்சல்னே சொல்லிருவோம்னு இவதான் எங்கிட்ட சத்தியம் வாங்கினா."

என் ரத்தம் கொதித்தது. அந்தச் சந்துக்காரியின் மேல் கோபம். பொய் சொன்ன தங்கத்தின் மேல் கோபம். எல்லாரையும்விட ஊரில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தச் சாமியாடியின் மேல் கோபம். சாகக் கிடக்கிறவள்கூட எவனுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டாளோ, அவன் மட்டும் என் எதிரில் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் யாரையும் திட்டவில்லை. "முதல்ல அந்த இடத்தைச் சுத்தம் பண்ணணும். அப்புறம் மெஷின்," என்றார்.

"செப்டிக் கேஸுக்கு மெஷினா?"

"வயிறு இனிமே உதவாது. வேற வழி என்ன இருக்கு, சிஸ்டர்? ஆனா சீழ் உள்ள இருக்கிறப்ப மெஷின் போட்டா, நாம ஒரு பக்கம் சுத்தம் பண்ணப் பண்ண அது மறுபக்கம் விஷத்தை அனுப்பிட்டே இருக்கும்."

இது எந்தப் புத்தகத்திலும் இருக்கிற விஷயம்தான். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

4. சைன்

மகப்பேறு டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார். இளம் பெண், மூன்று வார்டை ஒரே ஆளாகச் சுமந்துகொண்டிருந்ததால் கண்ணுக்குக் கீழே கருவளையம். கர்ப்பப்பை ஓட்டையாகி அழுகிவிட்டது, எடுத்தாக வேண்டும் என்றார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கிடந்தது. இதயம் எந்த நிமிஷமும் நிற்கலாம். ஊசி போட்டு அதைத் தற்காலிகமாக இறக்கி வைத்திருந்தோம். அந்த இடைவெளிக்குள் தியேட்டருக்குப் போக வேண்டும்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. அந்த டாக்டர் சுற்றிப் பார்த்தார். "பதி கிதர் ஹை? சைன் சாஹியே."

புருஷன் எங்கே, கையெழுத்து வேண்டும் என்கிறார்.

"டிரெயின்ல வந்திட்டிருக்கான்," என்றேன்.

"கர்ப்பப்பையை எடுக்கிறோம் சிஸ்டர். நாளைக்கு அவன் வந்து கலாட்டா பண்ணினா யார் ஜவாப் சொல்றது?"

"நாளைக்கு இவ இருந்தாத்தானே அவன் கலாட்டா பண்ணுவான்!"

நான் கத்திய கத்தில் மாமா ஸ்ட்ரெச்சரை விட்டுவிட்டான். கூடப் பிறந்த அக்கா நிற்கிறாள், அவளிடம் கைநாட்டு வாங்குங்கள் என்றேன். அக்கா போதாது என்றார். பெரிய டாக்டர் நடுவில் வந்தார். பேனாவை வாங்கி, உயிர் காக்கும் அவசரம் என்று எழுதித் தானே கையெழுத்துப் போட்டார். இளம் டாக்டரிடமும் பேனாவை நீட்டினார். ஒரு கணம் தயங்கி அவரும் போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு அவர் கைதான் பேச்சியைக் காப்பாற்றியது. ஆனால் அந்த சைன் என்ற சொல் எனக்குள் முள்ளாகத் தைத்தது. ஏன் தைத்தது என்று அப்போது புரியவில்லை.

5. மெஷின்

ஆபரேஷன் முடிந்து வந்தவளைக் கிடைத்த மெஷினில் ஏற்றினோம். அன்றைய முறை வேறொருவருக்கு, கிட்னிக்குக் காத்திருந்த ஒரு ஸ்கூல் வாத்தியாருக்கு. அவரிடம் விஷயத்தைச் சொன்னதும் சட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். தன் முறையை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். வாழ்நாளில் நான் கோபப்படாத சில பேரில் அவர் ஒருவர்.

செப்டிக் கேஸை மெஷினில் ஓட்டுவது என்னவென்று உங்களுக்குத் தெரியும். தொடையில் குழாய் போட்டு ரத்தத்தை எடுக்க ஆரம்பித்த உடனே பி.பி. விழுந்தது. பம்ப்பைக் குறைத்தோம், சலைன் விட்டோம், கால்மாட்டைத் தூக்கி வைத்தோம். புது ஆபரேஷன் புண் என்பதால் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெபரினைத் தாராளமாகப் போட முடியாது. போடாவிட்டால் டயலைசர் என்ற வடிகட்டியில் ரத்தம் உறையும். நடுநடுவே சலைனைப் பாய்ச்சிக் கழுவிக்கொண்டே இருந்தோம். குளிரில் கட்டில் ஆடியது. போர்வைமேல் போர்வையாகப் போட்டேன். தங்கத்திடம் சண்டை போட்ட அதே துணி அறையிலிருந்துதான் எடுத்து வந்தேன்.

மறுபடியும் மறுபடியும் ஏற்றினோம். ஒவ்வொரு தடவையும் பி.பி. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவாக விழுந்தது. அப்படி ஒரு காலையில், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் சுடலைமுத்து வந்தார்.

ரயில் கரி படிந்த வேட்டியோடு கதவருகே நின்ற ஆளை யார் என்று நான் கேட்கவே இல்லை. முகத்திலேயே ஊர் எழுதியிருந்தது. நான் கோபத்தை இத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

"வாரும். சாமி ஆடி முடிஞ்சுதா? பொண்டாட்டி இங்க சாகக் கெடக்கா, ஆற அமர வாரீராக்கும்?"

அவர் கட்டிலில் தெரிந்த முகத்தையும் போர்வைக்கு அடியிலிருந்து போகும் சிவப்புக் குழாய்களையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தந்தி வந்த நிமிசம் கெளம்புனேன், தாயி. ரயிலு அவ்வளவு வேகந்தான் போச்சு."

"காப்புக் கட்டுனவரு எல்லை தாண்டப்படாதே?"

வலது கையை நீட்டினார். மணிக்கட்டில் கயிறு இல்லை. மஞ்சள் கறை மட்டும் வளையமாக இருந்தது.

"அறுத்துப் போட்டுட்டேன். எங்க பெரியாளுக எல்லாம் வாயில வந்தபடி ஏசுனாவ. ஏசட்டும். சாமி அங்கனயேதான இருக்கும், எங்க போவப்போவுது? இவ பொழச்சிருவாளா, அதச் சொல்லுங்க."

பின்னால் நின்ற தங்கம் அந்தக் கையைப் பார்த்தாள். சுவரோடு சரிந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எந்தக் கயிற்றுக்குப் பயந்து தங்கச்சியைச் சாவு வரைக்கும் விட்டார்களோ, அந்தக் கயிற்றை அவர் ஒரு தந்திக்கு அறுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கோ அத்தனை கோபத்தையும் எங்கே கொண்டு போய் வைப்பதென்று தெரியவில்லை. மெஷினின் குமிழைத் திருகுவது மாதிரி திரும்பிக்கொண்டேன்.

எதனால் வந்தது என்று அவரிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் பேச்சி. வயிற்றில் சீழ், ஆபரேஷன் ஆகிவிட்டது என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

பிறகு ஒரு நாள் காலை டியூட்டிக்கு வந்தபோது மூத்திரப் பையில் மஞ்சளாகக் கொஞ்சம் தேங்கியிருந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு பெரிய டாக்டரின் அறைக்கே ஓடினேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர் மேஜைமேல் அதை வைத்ததற்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. கிட்னி விழித்துக்கொண்டது. அதற்குப் பிறகு குடம் குடமாகப் போக ஆரம்பித்தது. போனதை அளந்து அளந்து திரும்ப ஏற்றினோம். தெளிவு வந்தது, பேச்சும் வந்தது.

6. அவள் சொன்னது

பேச்சி பேச ஆரம்பித்ததும் முதலில் கைப்பிள்ளையைக் கேட்டாள். மார்பில் பால் வற்றிப் போயிருந்தது. அதைச் சொல்லி அழுதாள். அடுத்து, நான் ஒன்றும் கேட்காமலேயே, புருஷனைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் அந்தப் பக்கம் மருந்து டிராலியை அடுக்கிக்கொண்டிருந்தேன். எழுந்து போகலாம் என்று பார்த்தேன். "நீங்களும் இருங்க சிஸ்டரு," என்றாள்.

"காப்புக் கட்டியிருக்கையில செஞ்சேன்னு எம்மேல கோவமா?" என்று கேட்டாள்.

"எனக்கு என்ன எழவுக் கோவம்?" என்றார் சுடலைமுத்து. "இங்கதான இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. இங்க வாரத விட்டுட்டு அந்தச் சந்துக்காரிகிட்ட ஏன் போன?"

நான் கேட்க நினைத்ததும் அதுதான். படிப்பு இல்லாத ஜனங்கள், எத்தனை சொன்னாலும் சந்துக்குத்தான் போவார்கள் என்று என் மனதுக்குள் ஒரு பிரசங்கமே ஓடிக்கொண்டிருந்தது.

"வந்தேனே," என்றாள் பேச்சி.

"எங்க வந்த?"

"இங்கதான். கீழ, பொம்பளையளுக்கு டோக்கன் குடுப்பாவல்லா, அந்த எடத்துக்கு. மொதல்ல இங்கதான் வந்தேன். கலைக்கணும்னேன். புருஷன் கையெழுத்து வேணும்னு சொல்லிட்டாவ."

நான் டிராலியை அப்படியே விட்டேன்.

"ஊர்ல இருக்காவ, வர நாளாவும், அதுக்குள்ள மாசம் தாண்டிரும்னு எனக்குத் தெரிஞ்ச இந்தியில சொன்னேன். பதி கோ லேகே ஆவ், பதி கோ லேகே ஆவ்னு, புருஷனக் கூட்டிட்டு வான்னு அதையே சொன்னாவ. கையெழுத்து இல்லன்னா கெடையாது, போன்னுட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டாவ. வெளிய வந்து பஸ் ஸ்டாப்புல அழுதுட்டு நின்னேன். அங்கதான் ஒரு பொம்பள சந்துக்காரியப் பத்திச் சொன்னா."

சுடலைமுத்து தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு காயிதம் போட்டிருந்தா கையெழுத்துப் போட்டு அனுப்பிருப்பேனேட்டி. வேண்டாம்னா சொல்லிருப்பேன்?"

"நீங்க வேண்டாம்னு சொல்ல மாட்டியன்னுதான் வந்தேன். காயிதம் போயித் திரும்பி வரதுக்குள்ள நாளு தாண்டிருமேன்னுதான் பயம். காய்ச்சல் வந்த பொறவுதான் காப்பு நெனப்பு வந்துச்சு. சாமிதான் தண்டிக்குன்னு நெனச்சேன்."

தண்டித்தது எந்தச் சாமி என்று எனக்கு அப்போது தெரிந்துபோனது. எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

7. கீழே

பெரிய டாக்டரிடம்கூடச் சொல்லாமல் படியிறங்கினேன். அந்தக் கவுண்டரில் ஒரு நடுத்தர வயது அம்மாள். கெட்டவள் இல்லை, எனக்குப் பழக்கமானவள்தான், தீபாவளிக்குப் பலகாரம் மாற்றிக்கொள்வோம்.

"கலைக்கிறதுக்குப் புருஷன் சைன் வேணும்னு எந்த ரூல்ல இருக்கு? எடுங்க, பாப்போம்," என்றேன்.

"ரூல் வூல் நஹீ. ஐஸா ஹி சல்தா ஹை," என்றாள். ரூல் எல்லாம் கிடையாது, இங்கே இப்படித்தான் நடக்கும் என்கிறாள். பின்னால் புருஷன்கள் வந்து சண்டை போடுகிறார்களாம். கையெழுத்து இருந்தால் டாக்டர்களுக்குப் பாதுகாப்பாம். யார் ஆரம்பித்தது என்று கேட்டால், அவள் வேலைக்குச் சேரும் முன்பே இருந்த பழக்கமாம்.

மேலே வந்து பெரிய டாக்டரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். வயது வந்த பெண், புத்தி சுவாதீனமானவள் என்றால் அவள் சம்மதம் மட்டும்தான் சட்டத்துக்கு வேண்டும், புருஷனைச் சட்டம் கேட்கவே இல்லை என்றார்.

"அப்ப நம்மதான் அவளக் கொல்லப் பார்த்தோம், ஸார்."

அவர் மறுக்கவில்லை. மேலிடத்துக்குப் போய்ப் பேசினார். மீட்டிங் போட்டார்கள். டீ கொடுத்தார்கள். கவனிக்கிறோம் என்றார்கள். அந்தக் கவுண்டரில் ஒன்றும் மாறவில்லை. என்னை மட்டும் கூப்பிட்டு, சிஸ்டர்கள் தங்கள் யூனிட் வேலையைப் பார்த்தால் போதும் என்று ஒரு அதிகாரி புத்தி சொன்னார். என் யூனிட் வேலைதான் ஸார், உங்கள் கவுண்டரிலிருந்து திரும்பிப் போகிறவர்கள் என் மெஷினுக்குத்தான் வருகிறார்கள் என்றேன். எனக்கு வர வேண்டிய புரமோஷன் அந்த வருஷம் வரவில்லை. போகட்டும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே போய் அந்தக் கவுண்டருக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். தமிழ்ப் பெண்கள் வந்தால் காதில் போடுவேன்: "புருஷன் கையெழுத்து கேப்பாவ. சட்டத்துல இல்லன்னு சொல்லு. நகராத." சிலர் சொன்னார்கள். பலர் என்னையே பயத்தோடு பார்த்துவிட்டுப் போனார்கள். நாலு பேர் நடுவில் ஒரு கவுண்டரோடு வாதாடும் தெம்பு உடம்பு சரியில்லாத நேரத்தில் யாருக்கு இருக்கும்?

8. டோக்கன்

மழை போய்க் குளிர்காலம் வந்த பிறகு ஒரு நாள், டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பேச்சி வந்தாள். செக்கப்புக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். தேறியிருந்தாள், முடிதான் ரொம்பக் கொட்டிப்போயிருந்தது. அவளுடன் இன்னொரு பெண், தலையைக் குனிந்தபடி.

"பக்கத்துக் கோலி. இவளுக்கும் அதே கததான். வீட்டுக்காரரு லாரியில போயிருக்காரு," என்றாள் என்னிடம்.

"நான் வந்து பேசட்டா?"

"நீங்க டீயக் குடிங்க சிஸ்டரு."

கவுண்டரில் அதே அம்மாள். நிமிராமலே கேட்டாள். "பதி கா சைன்?"

பேச்சி கவுண்டர் பலகையில் இரண்டு கையையும் ஊன்றினாள். "சைன் யே கரேகி. பாடி இஸ்கா ஹை. கானூன் மே பதி நஹீ ஹை." இவள்தான் கையெழுத்துப் போடுவாள், உடம்பு இவளுடையது, சட்டத்தில் புருஷன் கிடையாது. உடைந்த இந்திதான், ஆனால் ஹால் முழுக்கக் கேட்டது.

அந்த அம்மாள் நிமிர்ந்தாள். பேச்சியைப் பார்த்தாள். பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து ஒரு டோக்கனைக் கிழித்து நீட்டினாள். "நம்பர் ஆனே தக் உதர் பைட்டோ," என்று, நம்பர் வரும்வரை உட்காரச் சொல்லி பெஞ்சைக் காட்டினாள்.

அவ்வளவுதான். என் கையிலிருந்த டீ இன்னும் சூடு ஆறவில்லை. அவ்வளவு சுலபத்தில் முடிகிற காரியம் அது. இதைத்தான் பேச்சிக்கு அன்றைக்குச் செய்யாமல் விட்டார்கள். அவள் கர்ப்பப்பை போனது, பால் போனது, என் மெஷினில் பலமுறை செத்துப் பிழைத்தாள். டோக்கனை வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணை என் பக்கத்தில் உட்காரவைத்தவள், என் முகத்தைப் பார்த்து, "ஏன் சிஸ்டரு அழுதிய?" என்றாள். கோபத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும் என்று அவளுக்குத் தெரியாது.

இனி உங்களுக்கு. செப்டிக் கேஸ் வந்தால் காய்ச்சல் எப்போது, ஒண்ணுக்குப் போனது எப்போது என்று கேட்பீர்கள். சீழ் எங்கே என்று தேடுவீர்கள். அதை எடுக்காமல் மெஷினை மட்டும் ஓட்ட மாட்டீர்கள். எல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் சேர்ப்பது ஒரே ஒரு கேள்வி. "இங்க கொண்டு வர்றதுக்கு முன்னாடி மொதல்ல எங்க போன?" அதட்டாமல் கேளுங்கள், எனக்கு அது வரவில்லை, உங்களுக்காவது வரட்டும். அவள் விரலை நீட்டி உங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தைக் காட்டினால், கையுறையைக் கழற்றிவிட்டு இறங்கிப் போங்கள். கோபத்தை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.